உங்களுக்குத் தெரியுமா? வயல் கொடுத்த ஸ்காலர்ஷிப்!

தரமணியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறதே, அதற்கு முதல் போட்டது ஒரு பரிசுப் பணம்! உலக உணவுப் பரிசை முதன்முதலாகக் கொடுத்த ஆண்டு 1987. வாங்கியவர் நம் கும்பகோணத்துக்காரர், வேளாண் விஞ்ஞானி சுவாமிநாதன். கை நீட்டி வாங்கிய பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. மறு வருஷமே நிறுவனம் தயார்!

அவர் போலீஸ் அதிகாரி ஆகியிருக்க வேண்டியவர், தெரியுமா? ஐ.பி.எஸ். கையில் இருந்தது. கூடவே யுனெஸ்கோ உதவித்தொகையும் வந்து நின்றது. காக்கிச் சட்டை வேண்டாம் என்று 1949-ல் நெதர்லாந்துக்குக் கிளம்பிவிட்டார். எதை ஆராய? உருளைக்கிழங்கை!

பின்னாளில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம். உறைபனிக்கு அசராத ஒரு கிழங்கு ரகம் அங்கே பிறந்ததில் இவர் கை உண்டு. பெயர் 'அலாஸ்கா ஃப்ராஸ்ட்லெஸ்'. காவிரிக்கரைப் பிள்ளைக்கும் அலாஸ்காவுக்கும் என்ன ஒரு முடிச்சு பாருங்கள்!

விஸ்கான்சின் மாதிரி கல்லூரிகளுக்குக் காசு எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து! 1862-ல் லிங்கன் கையெழுத்துப் போட்ட சட்டம். ஒரு மாநிலத்துக்கு எத்தனை எம்.பி.க்களோ, தலைக்கு 30,000 ஏக்கர். நிலத்தை விற்று விவசாயமும் இன்ஜினீயரிங்கும் சொல்லிக்கொடு என்றார்கள்!

சுவாமிநாதன் இங்கே படித்தது கோவை வேளாண் கல்லூரியில். அதன் பிறந்த வீடு எது? நம்ம சைதாப்பேட்டை! 1868-ல் அங்கே ஆரம்பித்த வேளாண் பள்ளிதான் 1906-ல் கோவைக்குக் குடிபோனது. இன்றைக்கு அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்!

அந்தப் பல்கலைக்கழகத்தில் பயிர் இனப்பெருக்கம், மரபியல் பாடத்தில் முதல் மதிப்பெண் எடுப்பவருக்கு சுவாமிநாதன் பெயரில் விருது என்று 2023-ல் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். தஞ்சாவூர் ஈச்சங்கோட்டை வேளாண் கல்லூரிக்கும் அவர் பெயரே!

காந்தி மண்டபத்துக்கு எதிரே கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரி. அங்கே படித்த ஒருவர் இந்தியாவுக்கே பால் வார்த்தார். ஆமாம், வர்கீஸ் குரியன்! லயோலாவிலும் படித்தவர். ஆசைப்பட்டதோ உலோகவியல். அரசாங்க உதவித்தொகைக்கான நேர்காணலில் "பாஸ்ச்சரைசேஷன் என்றால் என்ன?" என்று கேட்டார்கள். பாலைச் சூடுபண்ணுகிற சமாச்சாரம் என்று குத்துமதிப்பாகச் சொல்லிவைத்தார். பால் பண்ணைப் படிப்புக்கே தேர்வு! அமெரிக்கா போய் வந்ததும் ஒப்பந்தப்படி அரசு வேலை. 1949 மே 13 அன்று குஜராத்தின் ஆனந்த் நகருக்குப் போய் இறங்கினார், துளியும் இஷ்டமில்லாமல். பிறகு அந்த ஊரை விட்டுப் போகவே இல்லை!

உலக உணவுப் பரிசு 1989-ல் குரியனுக்கு. முதல் மூன்று வருஷத்தில் இரண்டு பரிசு தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு. இரண்டு பேருமே ஸ்காலர்ஷிப்பில் கடல் தாண்டியவர்கள்!

குரியன் வளர்த்த அமுல், மாடு வளர்ப்பவர்களின் சங்கம். அது மாணவர்களுக்குப் பரிசு கொடுக்குமா? கொடுக்கிறதே! பத்தாம் வகுப்பில் முந்துபவருக்கு 'அமுல் வித்யா ஸ்ரீ'. பிளஸ் டூவில் முந்துபவருக்கு 'அமுல் வித்யா பூஷண்'. அமுலின் சொந்தக்காரர்கள் யார்? குஜராத்தில் பால் கறக்கும் 36 லட்சம் பேர்!

அமெரிக்காவில் விவசாயம் படிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே 'எஃப்.எஃப்.ஏ.' என்று ஓர் அமைப்பு. வயது, 1928-லிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். நீல கார்டுராய் ஜாக்கெட்தான் அடையாளம். கல்லூரி ஸ்காலர்ஷிப்பை அள்ளிக் கொடுக்கிறார்கள். வேர்க்கடலை விவசாயி ஜிம்மி கார்ட்டர் இதன் பழைய உறுப்பினர். ஜனாதிபதியே ஆகிவிட்டார்!

பக்கத்துக் கர்நாடகத்தில் 2021-ல் வந்தது 'ரைத வித்யா நிதி' உதவித்தொகை. விவசாயி வீட்டுப் பிள்ளை என்றால் 2,500 ரூபாயிலிருந்து 11,000 வரை!

தமிழ்நாட்டில்? அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு வேளாண் கல்லூரிகளில் 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. அந்தப் பிள்ளைகளின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டும் அரசின் பொறுப்பு!

கடைசியாக ஒன்று. இதை ரங்கநாதன் தெருக் கடையில் உங்களுக்குச் சேலை விரித்துக் காட்டும் பெண்ணிடமும் சொல்லுங்கள். அப்பா ஊரில் கூலி வேலைக்குப் போகிறாரா? தம்பி ஐ.டி.ஐ. படிக்கிறானா? உழவர் பாதுகாப்புத் திட்டம் என்று 2011-லிருந்து இருக்கிறது. நஞ்சை என்றால் இரண்டரை ஏக்கர் வரை, புஞ்சை என்றால் ஐந்து ஏக்கர் வரை வைத்திருப்பவர்கள் சேரலாம். சொந்த நிலம் ஒரு சென்ட்கூட வேண்டாம், குத்தகைதாரரும் விவசாயக் கூலித் தொழிலாளியும் சேரலாம்! அடையாள அட்டை இருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை. வீட்டிலிருந்து ஐ.டி.ஐ. போய்வரும் பையனுக்கு வருஷம் 1,250 ரூபாய். அதே படிப்பு, பெண் பிள்ளையா? 500 ரூபாய் கூடுதல்! விடுதியில் தங்கி முதுநிலைத் தொழிற்படிப்பு படிக்கும் பெண்ணுக்கு 6,750 ரூபாய்!