கஞ்சி எங்கிருந்து வந்தது? - நாவல் திட்டம் குறித்துச் சில

நாவலுக்குத் திட்டம் போடுவதை வெறும் தொழில்நுட்பக் காரியமாகவே நாம் பேசிவருகிறோம். எத்தனை அத்தியாயம், எங்கே தொடக்கம், யார் பார்வை என்பதோடு சரி. ஆனால் எது காரணம், எது விளைவு என்று வரிசைப்படுத்தும்போதே பிரதியின் அரசியலும் முடிவாகிவிடுகிறது.

1968 டிசம்பர் 25 இரவு, கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாகக் கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் எரிக்கப்பட்டனர்; பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். இதை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. நிலவுடைமையாளரின் ஆண்மைக்குறைவு அதில் முன்னுக்கு வந்து, கூலிப் பிரச்சினை பின்னுக்குப் போனது என இடதுசாரிகள் விமர்சித்தனர். எந்தக் காரணத்தை மையத்தில் வைப்பது என்பதே அங்கு சண்டை.

அடுத்தவர் பிரதியில் இதைக் காண்பது எளிது. என் கதைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு நடவு வேலைநிறுத்தத்தை நாவலாக்க உட்கார்ந்தேன். சுவரில் சார்ட் ஒட்டி 22 கட்டம் போட்டேன். சங்கக் கூட்டம், பேச்சுவார்த்தை, போலீஸ், கைது, வெற்றி. பெண்கள் இரண்டு கட்டத்தில் வந்தார்கள். இரண்டிலும் அழுதார்கள்.

ஏழாவது அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். தலைவர் ராத்திரி வீட்டுக்கு வந்து கஞ்சி கேட்கிறார். 18 நாளாகக் கூலி இல்லை. கஞ்சி எங்கிருந்து வரும்? சார்ட்டில் பதில் இல்லை.

திரும்ப ஊருக்குப் போய் ஒரு பெரியம்மாவிடம் கேட்டேன். சிரித்துவிட்டார். "வாய்க்கா நண்டு, நத்த, கொல்லக் கீர. வேறென்ன தம்பி? நாத்து நடுறது யாரு, நாங்கதான? நாங்க வயல்ல எறங்கலேன்னுதான அது ஸ்ட்ரைக்கு!"

ஆக, போராட்டத்தை நடத்தியவர்களையே நான் துணைப்பாத்திரங்களாக்கியிருக்கிறேன்.

இதனால் திட்டமே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. திட்டமில்லாமல் எழுதினால் பழகிப்போன கதையாடலே திட்டமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். திட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குப் பக்கத்திலும் இரண்டு கேள்வி எழுதுங்கள்: இது நடக்க யார் உழைத்தார்கள்? இதை யார் கண்ணால் பார்க்கிறோம்? முதல் வரைவை அந்தத் திட்டத்தைச் சோதிக்கவே எழுதுங்கள். கை நின்றுபோகும் இடத்தை வர்ணனை போட்டு மூடிவிடாதீர்கள். திட்டம் மறைத்தவர்கள் அங்கேதான் நிற்கிறார்கள்.

எழுதிய 90 பக்கத்தையும் கட்டி வைத்துவிட்டேன். புது வரைவு முதல் நாள் உலையிலிருந்து தொடங்குகிறது. சங்கக் கூட்டம் நாலாவது அத்தியாயத்தில்தான் வருகிறது. தோழர்கள் சிலருக்கு இதில் வருத்தம். இருக்கட்டும்.