விற்றவரிடம் இல்லாத நிலம்

1803-இல் அமெரிக்கா பிரான்சிடமிருந்து லூசியானாவை வாங்கியதை உலகின் மிக மலிவான நில வியாபாரம் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. விலை ஒன்றரைக் கோடி டாலர். பரப்பு ஏறத்தாழ 8,28,000 சதுர மைல். ஏக்கருக்கு மூன்று சென்ட்டுக்கும் குறைவு. ஆனால் மிசிசிப்பி ஆற்றிலிருந்து ராக்கி மலைகள் வரை விரிந்த அந்தப் பரப்பில் பெரும்பகுதி நெப்போலியனின் கையில் இருந்ததே இல்லை. நியூ ஆர்லியன்ஸையும் ஆற்றோரத்துச் சில குடியேற்றங்களையும் விட்டால், மற்ற இடங்களில் ஓசேஜ், லகோட்டா, பானி போன்ற பூர்வகுடிகளே வாழ்ந்தார்கள், வேட்டையாடினார்கள், தங்களுக்குள் எல்லை வகுத்துக்கொண்டார்கள். வேறு ஐரோப்பிய அரசு எதுவும் போட்டிக்கு வராது, பூர்வகுடிகளிடமிருந்து நிலத்தைப் பெறும் முதல் உரிமை இனி உங்களுக்கே என்ற உறுதியைத்தான் பிரான்ஸ் விற்றது. கிரயப் பத்திரம் கைக்கு வந்தது, சுவாதீனம் வரவில்லை. அந்தச் சுவாதீனத்தைப் பெறுவதற்கு வலுவான மைய அரசு தேவைப்பட்டது. அதைக் கட்டி எழுப்பியவர்கள், மைய அரசு சிறுத்தே இருக்கவேண்டும் என்று வாக்குக் கேட்டு ஆட்சிக்கு வந்த தாமஸ் ஜெஃபர்சனின் கட்சியினர்.

ஜெஃபர்சன் 1801-இல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றதும் படைச் செலவைக் குறைத்தார். மதுவின் மீதான உள்நாட்டு வரியை நீக்கவைத்தார். அரசியல் சட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லப்படாத அதிகாரம் எதுவும் மைய அரசுக்கு இல்லை என்பது அவருடைய பழைய வாதம். 1791-இல் தேசிய வங்கியை எதிர்க்க அவர் எடுத்த ஆயுதமும் அதுதான். அயல்நாட்டு நிலத்தை வாங்கிச் சேர்க்க அரசியல் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை என்பதை உணர்ந்து, ஒரு திருத்தத்தைக்கூட எழுதிப் பார்த்தார். நெப்போலியன் மனம் மாறிவிடக்கூடும் என்ற அச்சத்தில் அதைக் கைவிட்டார். 1803 அக்டோபரில் செனட் 24-க்கு 7 என்ற கணக்கில் ஒப்பந்தத்தை ஏற்றது. வேடிக்கை என்னவென்றால், அதுவரை மைய அரசின் அதிகாரத்துக்காக வாதாடிய ஃபெடரலிஸ்டுகள் அன்று சட்டத்தின் எழுத்தைக் காட்டி எதிர்த்தார்கள். விலையில் 1,12,50,000 டாலர் அரசுக் கடன் பத்திரங்களாகத் தரப்பட்டது. அந்தப் பத்திரங்களை லண்டனின் பேரிங், ஆம்ஸ்டர்டாமின் ஹோப் நிறுவனங்கள் நம்பி வாங்கின என்றால், அந்த நம்பிக்கை ஜெஃபர்சன் வெறுத்த அலெக்ஸாண்டர் ஹாமில்டன் முந்தைய பத்தாண்டில் நிதி அமைச்சராக இருந்து உருவாக்கிவைத்தது. விற்பனைக்கே வழி திறந்தவர்கள் பிரெஞ்சுக் காலனியாக இருந்த ஹெய்ட்டியின் முன்னாள் அடிமைகள். அவர்களுடைய எதிர்ப்பிலும் மஞ்சள் காய்ச்சலிலும் பிரெஞ்சுப் படை அழிந்திராவிட்டால், நெப்போலியனுக்கு லூசியானாவை விட்டுக்கொடுக்கக் காரணமே இருந்திருக்காது. அமெரிக்கக் கொண்டாட்டங்களில் அவர்களுக்குக் கிடைத்த இடம் மிகக் கொஞ்சம்.

நெருக்கடியில் எந்தத் தலைவரும் கொள்கையைச் சற்றுத் தளர்த்தத்தானே செய்வார், அதைப் பெரிதுபடுத்தலாமா என்று கேட்கலாம். 1803-க்கு அந்தச் சமாதானம் பொருந்தும். அடுத்த ஆண்டுக்குப் பொருந்தாது. நியூ ஆர்லியன்ஸை உள்ளடக்கிய பகுதிக்கு 1804-இல் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தில் தேர்தலே இல்லை. ஆளுநரும் நியமனம், சட்டமன்ற அவையினரும் நியமனம். பிரதிநிதித்துவம் இல்லாத ஆட்சியை எதிர்த்துப் பிறந்த நாடு இப்படிச் செய்யலாமா என்று அங்கிருந்த வணிகர்களும் பண்ணை உரிமையாளர்களும் முறையிட்டார்கள். அவர்களுக்கு மாநில அந்தஸ்து கிடைத்தது 1812-இல்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. மேற்கை வென்றது அரசு அல்ல, கோடரியும் துப்பாக்கியுமாக முன்னே நடந்த குடியேறிகள்தான். அரசு அவர்கள் பின்னால் ஓடியது என்பார்கள். பாதி உண்மை. அனுமதியின்றிக் குடியேறியவர்கள் ஏராளம். ஆனால் அவர்கள் ஒவ்வொருவரும் கடைசியில் ஏங்கியது அரசு தரும் உரிமைப் பத்திரத்துக்கு. நிலத்தை ஆறு மைல் சதுரங்களாக அளந்து, ஒவ்வொன்றையும் 640 ஏக்கர் கொண்ட 36 துண்டுகளாகப் பிரிக்கும் முறை 1785-லேயே வகுக்கப்பட்டது. 1812-இல் இதற்கென மைய நில அலுவலகம் பிறந்தது. 1820-இல் விலை ஏக்கருக்கு 1.25 டாலர் என்று குறைக்கப்பட்டு, கடனுக்கு விற்பது நின்றது. அளப்பதற்கு முன்னால் பூர்வகுடிகளின் உரிமை முடித்துவைக்கப்பட வேண்டும்; அந்த ஒப்பந்தங்களைச் செய்யும் அதிகாரம் மைய அரசுக்கு மட்டுமே. இன்றைய மிசௌரி, ஆர்கன்சா மாநிலங்களின் பெரும்பகுதியை ஓசேஜ் மக்கள் 1808 ஒப்பந்தத்தில்தான் கொடுத்தார்கள். அதாவது, ஐந்தாண்டுக்கு முன் வாங்கியதாகச் சொன்ன நிலத்தை அமெரிக்கா மறுபடி வாங்கியது. இதற்கான வழியை ஜெஃபர்சன் 1803 பிப்ரவரியில், இந்தியானா ஆளுநர் வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கு எழுதிய கடிதத்தில் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார்: அரசு வணிகக் கூடங்களில் பூர்வகுடித் தலைவர்களுக்குக் கடன் ஏறட்டும், அடைக்க முடியாதபோது நிலத்தைத் தருவார்கள். சிறிய அரசு என்ற லட்சியத்தோடு இதை எப்படிப் பொருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

கடனுக்கும் பேச்சுக்கும் மசியாதவர்கள் மீது இந்த அரசு என்ன செய்யத் துணிந்தது என்பதை மிசிசிப்பிக்குக் கிழக்கே இருந்த செரோக்கி மக்களிடம் பார்க்கலாம். அவர்கள் வேளாண்மை செய்தார்கள். செக்கோயா உருவாக்கிய எழுத்துமுறையில் படித்தார்கள். 1827-இல் எழுத்து வடிவ அரசியல் சட்டம் இயற்றினார்கள். அடுத்த ஆண்டே தம் மொழியில் செய்தித்தாள் வெளியிட்டார்கள். வாங்கிய லூசியானா இப்போது வேறொரு பயனுக்கு வந்தது: கிழக்கில் இருப்பவர்களைக் கொண்டுபோய்த் தள்ளுவதற்கான இடம். அவர்கள் விட்டுச்செல்லும் நிலம் பருத்திக்கு, பருத்தி அடிமைகளின் உழைப்புக்கு. 1830-இல் வந்த பூர்வகுடி வெளியேற்றச் சட்டத்தை மக்கள் விரும்பியதால் அரசு நிறைவேற்றியது என்று சிலர் எழுதுவதுண்டு. கீழவை வாக்கெடுப்பு 102-க்கு 97. அடிமை முறை இருந்த மாநிலங்களின் உறுப்பினர்கள் 61-க்கு 15 என்று ஆதரித்தார்கள். அடிமை முறை இல்லாத மாநிலங்கள் 82-க்கு 41 என்று எதிர்த்தன. வாக்குரிமையே இல்லாத அடிமைகளில் ஐந்துக்கு மூன்று பேரை மக்கள்தொகையில் சேர்த்து, தெற்குக்குக் கூடுதல் இடங்கள் தந்தது அரசியல் சட்டம். ஐந்து வாக்கு வித்தியாசத்தை அந்த இடங்கள் தாராளமாக ஈடுகட்டின. 1838-இல் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட் சுமார் 7,000 வீரர்களுடன் வந்து செரோக்கி மக்களை வீடுகளிலிருந்து பிடித்து முகாம்களில் அடைத்தார். மேற்கே அனுப்பப்பட்ட ஏறத்தாழ 16,000 பேரில் சுமார் 4,000 பேர் முகாம்களிலும் வழியிலும் இறந்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.