கோடு வெளிச்சத்தை மறைக்காது

பரமத்தி வேலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “புதிதாகக் கோழி ஷெட் கட்டப்போகிறோம். இன்ஜினியர் ஆட்டோகேடில் வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டார். அதையே இன்னொரு மென்பொருளில் ஏற்றினால் எந்தக் கூண்டில் எத்தனை லக்ஸ் வெளிச்சம் விழும் என்று கலர் கலராகக் காட்டுமாம். அதற்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். நம்பிக் கொடுக்கலாமா?”

மென்பொருள் போடும் கணக்கை நம்பலாம். ஏற்றுகிற வேலையைத்தான் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

கேள்வி அற்பமானதல்ல. முட்டையிடும் பருவத்துக் கோழிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும். நாமக்கல்லில் டிசம்பர் பகல் பதினொன்றரை மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும். ஜூனில்கூட 13 மணியைத் தொடாது. மிச்சத்தை விடியலுக்கு முன்பும் அந்திக்குப் பின்பும் பல்பு போட்டுத்தான் ஈடுகட்ட வேண்டும். கோழி இந்த வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் உணர்வதில்லை. மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போகும் ஒளியை மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் நேரடியாகவே உணர்ந்து, சூலகத்துக்கு உத்தரவு அனுப்புகிறது. தீனித்தொட்டி மட்டத்தில் 10 முதல் 20 லக்ஸ் கிடைத்தால் பொதுவாகப் போதும். சிக்கல் என்னவென்றால், மூன்று தட்டுக் கூண்டில் மேல்தட்டுக் கோழி பல்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, கீழ்த்தட்டுக் கோழி மேல்தட்டின் நிழலில் இருக்கிறது.

(லக்ஸ் என்பதே மனிதக் கண்ணுக்காக வகுத்த அளவு. கோழிக்கு நம்மைவிட ஒரு வகை கூம்புச் செல் அதிகம்; புற ஊதாவும் ஓரளவு தெரியும். “முட்டையைக் கூட்டும் பல்பு” விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. இங்கே லக்ஸோடு நிறுத்திக்கொள்வோம்.)

வரைபடத்துக்கு வருவோம். அதில் சுவர் என்பது இரண்டு கோடு, தூண் என்பது ஒரு சதுரம், கூண்டு வரிசை என்பது நீளமான ஒரு பெட்டி. மேஸ்திரிக்கு இது தாராளமாகப் போதும்; கோட்டைப் பார்த்தே அவர் சுவரைப் புரிந்துகொள்வார். ஒளிக்கதிருக்கு அந்தப் புரிதல் கிடையாது. கோட்டுக்குத் தடிமன் இல்லை, பரப்பு இல்லை. கதிர் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். வெளிச்ச மென்பொருளுக்குத் தேவை பரப்புகள். அதிலும் எந்தப் பரப்பு எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்ற விவரத்தோடு தேவை.

டெய்லர் துணியில் சாக்பீஸால் போடும் கோடுதான் ஆட்டோகேட் வரைபடம். கோடு துணி ஆகாது, வெட்டிய துணியும் சட்டை ஆகாது. ஒவ்வொரு துண்டையும் அதனதன் இடத்தில் வைத்து மூட்ட வேண்டும், எது நல்ல பக்கம், எது உள்பக்கம் என்று பார்த்து மூட்ட வேண்டும். கணினியில் பக்கத்தைத் தீர்மானிப்பது மூலைகளைச் சொல்லும் வரிசை. பரப்புகளை அது முக்கோணத் துண்டுகளாகத்தான் வைத்திருக்கும்; ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாக வருகிறதோ, அதுதான் அதன் நல்ல பக்கம். கூண்டு வரிசையை ஒரு பக்கம் மட்டும் வரைந்துவிட்டு, மறுபக்கத்துக்கு ‘மிரர்’ கொடுப்பது எல்லா டிராஃப்ட்ஸ்மேன்களின் வழக்கம். கண்ணாடிப் பிம்பத்தில் இடஞ்சுழி வலஞ்சுழியாகிவிடும். வரைபடத்தை வெளிச்ச மென்பொருளுக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்கும் நிரல் அதைக் கவனித்துத் திருத்தாவிட்டால், வலது கை சரியாகவும் இடது கை உள்வெளியாகவும் தைத்த சட்டைதான் கிடைக்கும். சில மென்பொருள்கள் இரு பக்கத்தையும் ஒன்றாகவே பாவிக்கும், பிழைத்தோம். சில, பின்பக்கத்தை இல்லாததாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு வரிசைக் கூண்டு முழுக்க ஒளி ஊடுருவிப் போகும்.

அடுத்து மூட்டு. கூரையும் சுவரும் சந்திக்கும் இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்தால் மேஸ்திரி சிமென்ட் பூசிச் சரிசெய்துவிடுவார். கதிருக்கு அது திறந்த தையல். பகல் வெளிச்சம் அந்தப் பிளவு வழியாக உள்ளே இறங்கி, சுவரோரம் ஒரு வெள்ளைக் கீற்றாக விழும். பிளவு வரைந்தவரின் கவனக்குறைவால்தான் வரும் என்றில்லை. சர்வே வரைபடத்தின் மேலேயே ஷெட்டை வரைந்தால், அதன் ஒவ்வொரு மூலையும் நிலநடுக்கோட்டிலிருந்து அளந்த தூரத்தைச் சுமந்துகொண்டிருக்கும். நாமக்கல்லுக்கு அது ஏறக்குறைய 1240 கிலோமீட்டர். எஸ்டிஎல் போன்ற சில கோப்பு வடிவங்கள் எண்ணை 32 பிட்டில்தான் வைக்கின்றன. 12 லட்சம் மீட்டர் என்ற எண்ணை 32 பிட்டில் எழுதினால், அடுத்தடுத்து எழுதக்கூடிய இரண்டு எண்களுக்கு நடுவே பன்னிரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி விழுகிறது. ஒவ்வொரு மூலையும் தனக்குப் பக்கத்து எண்ணுக்கு நகர்ந்து உட்காரும். ஒழுங்காகத் தைத்த சட்டை பெட்டியில் போட்டு அனுப்பியதிலேயே தையல் விட்டுப்போன கதை. ஏற்றுமதிக்கு முன் ஷெட்டை நகர்த்தி, ஒரு மூலையைச் சுழியத்தில் வைத்தால் தீர்ந்தது. அதைச் செய்ய ஒரு நிமிடம் போதும். செய்கிறவர்கள் குறைவு.

கூரையில் இடையிடையே போடும் ஒளி புகும் ஃபைபர் ஷீட்டுக்கும் இதே கதிதான். வரைபடத்தில் அதற்குத் தடிமன் உண்டு, எனவே மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பரப்பு. நூற்றுக்கு 80 ஒளியை விடும் பொருள் என்று இரண்டுக்கும் பெயர் கொடுத்தால் 80-இல் 80, அதாவது 64 மட்டுமே உள்ளே வரும். கேட்காத லைனிங்கை டெய்லர் சேர்த்துத் தைத்துவிட்டார்.

பிறகு லேஸ் வேலை. ஒப்புமையை இதற்கு மேல் இழுத்தால் கிழியும் என்று தெரிந்தேதான் இழுக்கிறேன். ஷெட்டின் நெடும்பக்கங்கள் கம்பி வலை. 100 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரத்துக்கு ஒரு அங்குலக் கண் வலை என்றால், ஒரு பக்கத்துக்கே சுமார் 3,20,000 கண்கள். ஒவ்வொரு கம்பித் துண்டையும் பன்னிரண்டு பட்டைக் குழாயாக மாற்றினால் ஒன்றரைக் கோடி முக்கோணம். கணினி திணறும். விவரம் தெரிந்தவர்கள் வலையையே தூக்கிவிட்டு, அந்த இடத்தில் நூற்றுக்கு 85 ஒளியை விடும் ஒற்றைப் பரப்பை வைப்பார்கள். 25 மில்லிமீட்டர் கண்ணில் 2 மில்லிமீட்டர் கம்பி போனால் மிஞ்சும் திறப்பு அவ்வளவுதான். அதுவும் நேர் எதிரே வரும் ஒளிக்கு மட்டும். 60 பாகை பக்கவாட்டில் சாய்ந்து வரும் ஒளிக்குத் திறப்பு 77-ஆகச் சுருங்கிவிடும். வலையில் படியும் தீனித் தூசிக்கும் ஒட்டடைக்கும் எந்த வரைபடத்திலும் லேயர் கிடையாது.

வரலாறு என்று ஒரு பத்தி வைக்காவிட்டால் ஆசிரியர் விடமாட்டார். 1982-இல் ஆட்டோகேடோடு சேர்ந்து வந்தது டிஎக்ஸ்எஃப் என்ற பரிமாற்றக் கோப்பு. காகிதத்தில் கோடு போடும் பிளாட்டர்கள் கோலோச்சிய காலம். ஒளியை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. 1985 வாக்கில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிரெக் வார்ட் ‘ரேடியன்ஸ்’ நிரலை எழுதத் தொடங்கினார். கட்டட வெளிச்சக் கணக்கில் இன்றும் அதுதான் உரைகல். இந்த இரண்டுக்கும் நடுவே பாலம் போடும் வேலை நாற்பது ஆண்டாக நடந்துகொண்டே இருக்கிறது. போதும்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இன்ஜினியர் மில்லிமீட்டரில் வரைகிறார்: ஆறு மீட்டர் அகலம் என்றால் 6000. வெளிச்ச மென்பொருள் அதை 6000 மீட்டர் என்று எடுத்துக்கொண்டது என்று வையுங்கள். சங்ககிரி மலையை உள்ளே வைத்துப் பூட்டுகிற அளவுக்கு ஷெட் ஆயிரம் மடங்கு பெருத்துவிட்டது. பகல் வெளிச்சக் கணக்கு என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. ஒரு லக்ஸ்கூட மாறாது.

காரணம் அழகானது. வலைக்கு இந்தப் பக்கம் நிற்கும் கோழிக்கு எவ்வளவு வானம் தெரிகிறது என்பதுதான் பகல் வெளிச்சம். ஷெட் ஆயிரம் மடங்கு பெருத்தால் திறப்பு ஆயிரம் மடங்கு தள்ளிப்போகிறது. அதே ஆயிரம் மடங்கு அகலத்திலும் உயரத்திலும் வளர்கிறது. தூரத்தின் இருமடி ஒளியைக் குறைக்கிறது, அதே இருமடியில் வளரும் பரப்பு அதைத் திருப்பிக் கொடுக்கிறது. கோழி நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் திறப்பு பிடிக்கும் கோணம் அப்படியே இருக்கிறது. வானமும் சூரியனும் எட்டாத தூரத்தில் இருப்பதால் அவற்றின் பங்கும் மாறாது. சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒளிக்கும் இதே விதிதான். கட்டடக் கலைஞர்கள் அட்டையில் சின்ன மாதிரி செய்து, வெட்டவெளியில் வைத்து, உள்ளே உணரியை நுழைத்து அளப்பது இதனால்தான். காற்றோட்டத்துக்கோ வெப்பத்துக்கோ சின்ன மாதிரி அப்படியே ஒத்துவராது, ஒளிக்கு ஒத்துவரும்.

ஆனால் பல்பு அப்படியல்ல. பல்பின் ஒளிப்பரவல் தனிக் கோப்பில், உற்பத்தியாளர் அளந்து கொடுத்த கேண்டெலா கணக்கில் வருகிறது. ஷெட் பெருத்தாலும் பல்பு பெருக்காது. 900 லூமென் எல்இடி பல்பு எல்லாத் திசையிலும் சமமாக ஒளி வீசினால் அதன் செறிவு ஏறத்தாழ 72 கேண்டெலா. இரண்டு மீட்டர் கீழே தொட்டியில் 72-ஐ 4-ஆல் வகுக்க, 18 லக்ஸ். கோழிக்குச் சரியான அளவு. அதே பல்பு 2000 மீட்டர் உயரத்துக்குப் போய்விட்டால் 72-ஐ 40 லட்சத்தால் வகுக்க வேண்டும்: 0.000018 லக்ஸ். நிலவில்லாத இரவின் நட்சத்திர வெளிச்சம்கூட இதைவிட அதிகம். பகல் படம் குற்றமில்லாமல், அழகான கலர் பட்டைகளோடு வந்துவிடுவதால் வடிவம் சரியாக ஏறிவிட்டதென்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். இரவுப் படத்தில் தொட்டி நெடுக 0.00 என்று வந்ததும் “பல்பு பத்தாது, இன்னும் நூறு சேர்க்கணும்” என்ற ஆலோசனை கிளம்பும். பல்பு விற்பவரே மென்பொருளையும் ஓட்டிக் காட்டினால், அந்த ஆலோசனை இன்னும் வேகமாகக் கிளம்பும்.

இதில் வாசகருக்கு உதவும் சேதி ஒன்று உண்டு. இந்தியத் தரநிலை பகல் வானத்துக்கு வைத்திருக்கும் வடிவமைப்பு அளவு 8000 லக்ஸ். அதில் நூற்றில் ஒரு பங்கு உள்ளே வந்தாலே 80 லக்ஸ். இரு பக்கமும் வலை போட்ட ஷெட்டில் அது பெரும்பாலும் வந்துவிடும். பகலில் கோழிக்கு வெளிச்சப் பஞ்சம் கிடையாது. நேர்வெயில் கூண்டில் விழுகிறதா என்பதுதான் கவலை. அதற்குக் கூரை நீட்டத்தையும் சூரியன் போகும் பாதையையும் பார்த்தால் போதும். ஏப்ரல் இருபது வாக்கிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை உச்சிச் சூரியன் இங்கே வடக்கே நிற்கும் என்பதை மறந்து, வடபக்கக் கூரையைக் குட்டையாக விட்டுவிடாதீர்கள். மென்பொருள் உண்மையில் உதவுவது பல்புக்குத்தான்: எத்தனை பல்பு, எவ்வளவு இடைவெளி, கீழ்த்தட்டுக்கு எட்டுகிறதா என்பவற்றுக்கு. அளவு மாறினால் பிசகுவதும் அந்த ஒரு கணக்குதான். ‘டிஜிட்டல் இரட்டை’, ‘ஏஐ வடிவமைப்பு’ என்று எத்தனை பெயர் வைத்தாலும் மில்லிமீட்டர் மீட்டராகிவிடாது.

ஆகவே, பணம் கொடுக்கும் முன் அவரிடம் ஒரு சின்ன வேலை சொல்லுங்கள். ஷெட்டின் நடுவில் ஒரே ஒரு 900 லூமென் பல்பை வைத்து, வானத்தை அணைத்துவிட்டு, நேர் கீழே இரண்டு மீட்டரில் எத்தனை லக்ஸ் என்று அந்த இடத்திலேயே காட்டச் சொல்லுங்கள். நிஜ எல்இடி பல்பு கீழ்நோக்கிக் கொஞ்சம் கூடுதலாகவே வீசும் என்பதால் 18-இலிருந்து 30-க்குள் ஏதாவது வந்தால் மேலே பேசலாம். பூஜ்யம் வந்தால் வரைபடத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அந்தப் பணத்தில் ஒரு லக்ஸ் மீட்டர் வாங்கிவிடுங்கள்.