கௌரவிப்பதும் ஒரு போதனையே: நொட்டர் டேம் பல்கலைக்கழகச் சர்ச்சை சொல்வது என்ன?

2009ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள நொட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா நடைபெற்றது. பிரதம அதிதி ஜனாதிபதி பராக் ஒபாமா. அவருக்குச் சட்டத்துறையில் கௌரவ கலாநிதிப் பட்டமும் வழங்கப்பட்டது. பதவியேற்று நான்கு மாதங்கள்கூட நிறைவடையாத, அமெரிக்காவின் முதலாவது கறுப்பின ஜனாதிபதி அவர். எந்தப் பல்கலைக்கழகமும் பெருமையோடு வரவேற்கக்கூடிய விருந்தினர். ஆனாலும் அவரது வருகையை எதிர்த்து ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. வளாகத்திற்குள் அத்துமீறி நுழைந்ததாகப் பலர் கைது செய்யப்பட்டனர். கைதானவர்களுள் நோர்மா மெக்கோர்வியும் ஒருவர். 1973இல் அமெரிக்கா முழுவதும் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கிய 'ரோ எதிர் வேட்' வழக்கில் 'ரோ' என்ற புனைபெயரில் வழக்காளியாக இருந்த அதே பெண்தான் இவர். பிற்காலத்தில் கருக்கலைப்பை எதிர்ப்பவராக மாறியிருந்தார்.

ஒரு பட்டமளிப்பு விழாவிற்கு ஏன் இத்தனை கொந்தளிப்பு? கருக்கலைப்பு பற்றி மார்க்கச் சட்டங்கள் என்ன சொல்கின்றன என்பது இக்கட்டுரையின் தலைப்பு அல்ல. ஒரு மதத்தின் பெயரால் இயங்கும் கல்வி நிறுவனம், அந்த மதத்தின் போதனைக்கு மாறான கொள்கையுடைய ஒருவரைக் கௌரவிக்கலாமா என்பதே இங்கு கேள்வி. இது கத்தோலிக்கர்களுக்கு மட்டும் உரிய கேள்வி என்று நான் நினைக்கவில்லை.

முதலில் பின்னணியைப் பார்ப்போம். நொட்டர் டேம், திருச்சிலுவைச் சபைத் துறவிகளால் 1842இல் ஆரம்பிக்கப்பட்டது. அமெரிக்கக் கத்தோலிக்கர்களின் மிகப் பிரபலமான பல்கலைக்கழகம் எதுவென்று கேட்டால் பெரும்பாலானோர் இதன் பெயரைத்தான் சொல்வார்கள். கத்தோலிக்கத் திருச்சபையோ மனித உயிர் கருவுற்ற கணத்திலிருந்தே பாதுகாக்கப்பட வேண்டும் என்று போதிக்கின்றது. கருக்கலைப்பு அதன் பார்வையில் பாரதூரமான ஒழுக்கக் கேடு. ஒபாமாவோ கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர். பதவியேற்ற அதே வாரத்தில், வெளிநாடுகளில் கருக்கலைப்புச் சேவை வழங்கும் அமைப்புகளுக்கு அமெரிக்க நிதி செல்வதைத் தடுத்த விதியை நீக்கினார். அடுத்து மார்ச் மாதத்தில், மனிதக் கருவிலிருந்து பெறும் மூலவுயிர்க் கல ஆராய்ச்சிக்கான அரச நிதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார். அது நடந்து இரண்டு வாரங்கள் செல்வதற்குள் பட்டமளிப்பு விழா அழைப்பு பற்றிய அறிவித்தல் வெளிவந்தது.

எதிர்த்தவர்கள் கையில் எழுத்து மூலமான ஓர் ஆதாரமும் இருந்தது. அமெரிக்க ஆயர்கள் 2004இல் வெளியிட்ட அறிக்கை அது. திருச்சபையின் அடிப்படை ஒழுக்கக் கோட்பாடுகளை மீறிச் செயற்படுவோருக்குக் கத்தோலிக்க நிறுவனங்கள் விருதோ, கௌரவமோ, அவர்களது செயலை ஆதரிப்பதாகத் தோன்றும் மேடையோ வழங்கலாகாது என்பது அதன் சாரம். நொட்டர் டேம் அமைந்துள்ள மறைமாவட்டத்தின் ஆயர் ஜோன் டார்சி, தான் விழாவிற்கு வரப்போவதில்லை என அறிவித்தார். நாடெங்கிலும் பல ஆயர்கள் பகிரங்கமாகக் கண்டனம் தெரிவித்தனர்.

பல்கலைக்கழகத் தலைவர் அருட்தந்தை ஜோன் ஜென்கின்ஸ் பின்வாங்கவில்லை. அவரது நியாயங்கள் மூன்று. ஒன்று, நாங்கள் கௌரவிப்பது நாட்டின் தலைவரை. கருக்கலைப்பு பற்றிய அவரது நிலைப்பாட்டை அல்ல. இரண்டு, ஆயர்களின் அறிக்கை கத்தோலிக்க அரசியல்வாதிகளைப் பற்றியது. ஒபாமா கத்தோலிக்கர் அல்லர். மூன்று, உரையாடல் இல்லாமல் எவரது மனதையும் மாற்ற முடியாது. ஐசனோவர், கார்ட்டர், ரீகன், புஷ் தந்தையும் மகனும் எனப் பதவியிலிருந்த ஐந்து ஜனாதிபதிகள் ஏற்கனவே அதே விழாவில் உரையாற்றியிருந்தார்கள் என்பதும் அவருக்குத் துணையாக இருந்தது.

இச்சர்ச்சையின் திருப்புமுனை ஆர்ப்பாட்டக்காரர்களால் வரவில்லை. மேரி ஆன் கிளென்டன் என்ற பெண்மணி எழுதிய ஒரு கடிதத்தால் வந்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியையான அவர், வத்திக்கானுக்கான அமெரிக்கத் தூதுவராகவும் இருந்தவர். 1883 முதல் நொட்டர் டேம் வழங்கிவரும் லேட்டாரே பதக்கம், அமெரிக்கக் கத்தோலிக்கர் ஒருவர் பெறக்கூடிய மிக உயர்ந்த கௌரவங்களுள் ஒன்று. அவ்வருடம் அது அவருக்கென அறிவிக்கப்பட்டிருந்தது. ஒபாமாவின் வருகைக்கு எதிர்ப்பு எழுந்ததும், கிளென்டனும் அதே மேடையில் உரையாற்றவிருக்கிறார் என்பதைச் சுட்டிக்காட்டிப் பல்கலைக்கழகம் தனது முடிவை நியாயப்படுத்தியது. ஏப்ரல் மாத இறுதியில் கிளென்டன் பதக்கத்தை மறுத்துவிட்டார். கௌரவ பட்டம் ஆயர்களின் வேண்டுகோளுக்கு முரணானது; அதைச் சமன்செய்யும் எடைக்கல்லாகத் தனது சிற்றுரை பயன்படுத்தப்படுவது சரியல்ல; மாணவர்களும் குடும்பத்தினரும் மகிழ்ந்திருக்க வேண்டிய விழா இவ்விவாதத்துக்குரிய இடமும் அல்ல என்பவை அவர் சொன்ன காரணங்கள். அவ்வருடம் அப்பதக்கம் எவருக்கும் வழங்கப்படவில்லை.

ஆசிரியர் கலாசாலையில் எமக்குக் கற்பித்த ஒரு விடயம் இவ்விடத்தில் எனக்கு உதவுகின்றது. பாடசாலையில் இரண்டு கலைத்திட்டங்கள் உண்டு. ஒன்று நேர அட்டவணையில் இருப்பது. மற்றையது மறைந்த கலைத்திட்டம். காலைக் கூட்டத்தில் யாரைப் புகழ்கிறோம், பரிசளிப்பு விழாவில் யாருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், யாருடைய படத்தைச் சுவரில் மாட்டுகிறோம் என்பவற்றின் மூலம் நாம் சொல்லாமலே பிள்ளைகள் கற்றுக்கொள்வது. பாடப்புத்தகத்தில் படித்ததைப் பிள்ளை மறந்துவிடலாம். மேடையில் யாருக்கு முதல் ஆசனம் கொடுத்தோம் என்பதை மறக்காது.

அருட்தந்தை ஜென்கின்ஸின் முதலாவது நியாயம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பட்டத்திற்கும் ஒபாமாவின் கொள்கைக்கும் தொடர்பே இல்லையென்றால், அதைச் சமன்செய்ய வேறொருவரின் உரை எதற்கு? தராசின் ஒரு தட்டில் எதுவும் இல்லையென்றால் மறுதட்டில் படி வைக்க வேண்டியதில்லை. அந்தப் பட்டம் ஏதோ ஒன்றை மாணவர்களுக்குச் சொல்லத்தான் செய்யும் என்பதைப் பல்கலைக்கழகமும் உள்ளூர உணர்ந்திருக்கிறது.

அப்படியானால் மாற்றுக் கருத்துள்ளவர்களை வாசலிலேயே தடுத்துவிட வேண்டுமா? இல்லை. அதற்கும் நொட்டர் டேமின் வரலாற்றிலேயே விடை இருக்கின்றது. 1984 செப்டெம்பரில் நியூயோர்க் மாநில ஆளுநர் மாரியோ குவோமோ அங்கு உரையாற்றினார். அவர் கத்தோலிக்கர். கருக்கலைப்பு தவறென்று தனிப்பட்ட முறையில் நம்பினாலும், பல மதத்தவர் வாழும் நாட்டில் அதைச் சட்டமாக எல்லோர்மீதும் சுமத்த முடியாது என்பது அவரது வாதம். அதே மாதத்தில் எதிர்த்தரப்பைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் ஹென்றி ஹைட் அதே பல்கலைக்கழகத்திற்கு வந்து மறுவாதத்தை முன்வைத்தார். இரு தரப்பு வாதங்களும் இன்றுவரை படிக்கப்படுகின்றன. கேட்பது வேறு, விவாதிப்பது வேறு, கௌரவிப்பது வேறு. முதலிரண்டும் பல்கலைக்கழகத்தின் கடமை. மூன்றாவது அதன் சாட்சியம்.

எதிர்த்தவர்களின் பக்கத்திலும் ஒரு பலவீனம் இருந்தது. 2001இல் ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் அதே மேடையில் கௌரவிக்கப்பட்டார். அவர் டெக்சாஸ் ஆளுநராக இருந்த காலத்தில் அம்மாநிலத்தில் 150க்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அமெரிக்க ஆயர்கள் மரண தண்டனையையும் நெடுங்காலமாக எதிர்த்து வந்தவர்கள்தான். ஆனால் அன்று இந்த அளவு கொந்தளிப்பு எழவில்லை. இரண்டையும் திருச்சபை ஒரே நிறையில் வைப்பதில்லை என்று விளக்கமளிக்கப்பட்டது. அது உண்மையும்கூட. இருந்தாலும் ஒரு கட்சிக்காரர் வரும்போது மட்டும் விழித்துக்கொள்ளும் கொள்கையை, பார்ப்பவர்கள் கொள்கையாக எடுத்துக்கொள்வதில்லை, அரசியலாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இளம் மாணவர்கள் இதை எம்மைவிட விரைவாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதற்குள் இன்னொரு பழைய பிணக்கும் இருக்கின்றது. முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு? 1967இல் அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத் தலைவர்கள் பலர், நொட்டர் டேமின் அப்போதைய தலைவர் அருட்தந்தை தியோடர் ஹெஸ்பர்க் தலைமையில் லேண்ட் ஓ லேக்ஸ் என்னுமிடத்தில் கூடினார்கள். வெளி அதிகாரம் எதற்கும், அது மத அதிகாரமாக இருந்தாலும், கட்டுப்படாத சுயாதீனம் தமக்கு வேண்டும் எனப் பிரகடனம் செய்தார்கள். 1990இல் பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல், கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களின் கத்தோலிக்க அடையாளத்தைப் பேணுவதில் ஆயருக்கும் பொறுப்புண்டு என்று விதித்தார். 2009இல் மோதிக்கொண்டவை இந்த இரண்டு நிலைப்பாடுகளும்தான்.

விழா நாளன்று ஒபாமா பிரச்சினையைத் தவிர்த்துச் செல்லவில்லை. இரு தரப்பினரின் கருத்துகளும் ஏதோ ஒரு மட்டத்தில் இணக்கம் காண முடியாதவை என்பதை ஒப்புக்கொண்டார். கருக்கலைப்பை நாடும் நிலையைக் குறைப்பதிலும், தத்தெடுப்பை இலகுவாக்குவதிலும், பிள்ளையைச் சுமந்து பெறும் தாய்மாருக்கு உதவுவதிலும் சேர்ந்து உழைக்கலாம் என்றார். எதிராளியை இழிவுபடுத்தாத நேர்மையான வார்த்தைகள் வேண்டும் என்றார். இடையிடையே சிலர் கூச்சலிட்டாலும் மண்டபம் அவரை ஆரவாரத்துடன் வரவேற்றது. அதேவேளை, விழாவைப் புறக்கணித்த மாணவர்கள் வளாகத்தின் இன்னொரு பகுதியில் பிரார்த்தனையில் இருந்தனர். ஆயர் டார்சியும் எதிர்ப்புத் தெரிவித்த மாணவர்களைத் தேடி வந்தார்.

சர்ச்சை அத்தோடு முடியவில்லை. 2016இல் லேட்டாரே பதக்கம் துணை ஜனாதிபதி ஜோ பைடனுக்கும் முன்னாள் சபாநாயகர் ஜோன் பெய்னருக்கும் கூட்டாக வழங்கப்பட்டது. எதிரெதிர்க் கட்சிக்காரர்களான இருவரும் கத்தோலிக்கர்கள். எனவே 'அவர் கத்தோலிக்கர் அல்லர்' என்ற நியாயம் இம்முறை செல்லுபடியாகவில்லை. கொள்கைகளை அல்ல, பொதுச் சேவையையே கௌரவிக்கிறோம் என்றார் ஜென்கின்ஸ். டார்சிக்குப் பின் வந்த ஆயர் கெவின் ரோட்ஸ் பைடனுக்கு வழங்கப்பட்டதை ஏற்கவில்லை. இதற்கிடையில், 2013இல் பொஸ்டன் கல்லூரி அயர்லாந்துப் பிரதமர் என்டா கென்னியைக் கௌரவித்தபோது கர்தினால் ஷோன் ஓமெலி விழாவிற்குச் செல்லவில்லை. கென்னியின் அரசாங்கம் குறிப்பிட்ட சூழ்நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டமூலத்தை அப்போது கொண்டுவந்திருந்தது.

2009இன் பின்னர் நொட்டர் டேமும் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஜனவரியில் வொஷிங்டனில் நடந்த கருக்கலைப்பு எதிர்ப்புப் பேரணியில் ஜென்கின்ஸே கலந்துகொண்டார். மனித உயிரைப் பாதுகாக்க உழைப்போருக்கென 2011 முதல் அங்கு தனியொரு பதக்கம் வழங்கப்படுகின்றது. ஒரு கௌரவத்தால் வந்த கேள்விக்கு இன்னொரு கௌரவத்தால் பதில். விருதுகளும் பேசும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி தேவையில்லை.

எனது அபிப்பிராயம் இதுதான். ஒபாமாவை நொட்டர் டேம் அழைத்ததில் தவறில்லை. அவரை ஒரு விரிவுரை மண்டபத்தில் அமர்த்தி, மாணவர்களைக் கேள்வி கேட்க விட்டிருந்தால், உரையாடல் என்ற சொல்லுக்கு அர்த்தம் இருந்திருக்கும். பட்டமளிப்பு மேடையில் கேள்வி கேட்க முடியாது; கைதட்ட மட்டுமே முடியும்.

மேடை அமைக்கும் ஒவ்வொரு கல்விக்கூடமும் அழைப்பிதழை அச்சிட முன்னர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. இந்த மனிதரின் பேச்சைப் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்று விரும்புகிறோமா, அல்லது இவரைப் போல் வர வேண்டும் என்று சொல்லப் போகிறோமா? முதலாவது என்றால் ஒரு கதிரையும் ஒலிவாங்கியும் போதும். இரண்டாவது என்றால் மட்டும் பட்டத்தையும் பொன்னாடையையும் எடுத்து வையுங்கள்.