பவளப்பாறைத் தொட்டிக்கு ஏற்ற மீன்கள்

பவளப்பாறைத் தொட்டி என்பது பவளப்பாறைச் சூழலை உப்புநீரில் வீட்டளவில் அமைக்கும் மீன்தொட்டியாகும். இதற்கு மீன் தேரும்போது நிறத்தைவிடக் குணமே முக்கியம்.

கடலோரம் வாழும் தூத்துக்குடி மாணவருக்குக் கடலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அது குற்றம். தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகள் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் அடங்கும். கடல் குதிரையும் கல்பவளங்களும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. உயிரற்ற பவளத் துண்டைக்கூட எடுத்து வரக்கூடாது. செயற்கைப் பாறையே போதும்.

முதல் மீனாகக் கோமாளி மீன் நல்லது. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இதைப் பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையை உருவாக்கியுள்ளது. இதன் குஞ்சுகள் யாவும் முதலில் ஆணாகவே வளரும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும்; அடுத்தது அதன் இணை. ஆகவே அளவில் சற்று வேறுபட்ட இரண்டு குஞ்சுகள் வாங்கினால் சோடி தானே அமையும். ஆணா பெண்ணா என்று கடைக்காரரைக் கேட்க வேண்டாம்! மூன்றாவதாக ஒன்றை விட்டால், சிறு தொட்டியில் அது ஓயாமல் விரட்டப்பட்டுச் செத்துப்போகும். கடல் சாமந்தி இல்லாமலும் இவை வாழும்.

துணைக்கு, மணலை ஒட்டி வாழும் சிறு உளுவை மீன் பொருந்தும். டாம்சல் மீன் விலை குறைவுதான். ஆனால் வளர்ந்ததும் இடத்துக்குச் சண்டையிடும். சிங்க மீன் சிறு மீன்களை விழுங்கிவிடும். பவள மொட்டுகளையே உண்ணும் வண்ணத்துப்பூச்சி மீன்கள் பட்டினியால் மடியும்.

தொட்டியில் கழிவின் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதன் பிறகே மீன்களை, இடைவெளி விட்டு, ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்.