விடை வராத அழைப்பு: மென்பொருள் கூறு இடைமுகங்களில் விதிவிலக்குக் கையாளுகை

பெருங்களத்தூரில் ஜிஎஸ்டி சாலையோரக் கடை ஒன்றில் ஒருவர் யுபிஐ வழியே பணம் செலுத்துவதாகக் கொள்ளலாம். அவர் கணக்கில் தொகை கழிக்கப்படுகிறது. கடைக்கு உறுதிச்செய்தி வந்து சேரவில்லை. செயலி இதனைத் ‘தோல்வி’ என அறிவித்தால் அவர் மீண்டும் செலுத்துவார்; பணம் இருமுறை போகும்.

ஒரு கூறு மற்றொன்றை அழைத்தால் விளைவு வெற்றி, தோல்வி என இரண்டே என்று கருதி இடைமுகத்தை வடிவமைப்பதே இதன் வேர். காலக்கெடு கடந்தது என்பது பணி நிகழவில்லை என்பதற்குச் சான்றாகாது. ‘நிலை அறியப்படவில்லை’ என்பதை இடைமுகம் தனி விதிவிலக்காகவே வெளியிட வேண்டும். அதனுடன் பரிவர்த்தனை எண்ணும் செல்ல வேண்டும். அவ்வெண் இருந்தால்தான் அழைத்த கூறு நிலையை வினவ இயலும். கோரிக்கை மீண்டும் அனுப்பப்பட்டாலும் தொகை ஒருமுறையே கழியும். வங்கியின் உள்ளே எழும் தரவுத்தளப் பிழையை அப்படியே கடைக்காரரின் திரைக்கு அனுப்புவதில் பயனில்லை. அவர் அதை வைத்துச் செய்யக்கூடியது ஏதுமில்லை.

இத்தகைய வணிகப் பரிவர்த்தனையில் 5 நாள்களுக்குள் தொகை தானாகத் திரும்ப வேண்டும், அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என இந்திய ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை வரையறுக்கிறது. நிரலர் பலர் குறிப்புரையாகக்கூட எழுதாமல் விடும் உடன்பாடு இங்கே விதியாகவே எழுதப்பட்டுள்ளது. ஆயினும் அது இறுதிக் கெடு மட்டுமே. அதுவரை வாடிக்கையாளர் திரையில் காண்பது ‘தோல்வி’யா ‘நிலுவை’யா என்பது இடைமுக வடிவமைப்பைப் பொறுத்தது.