சுவரைத் துளைத்து வரும் தண்ணீர்! மேலே சிமெண்டு பூசினால் நிற்காது

படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவே இருக்கிறது சேரப்பணஞ்சேரி. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் தொழிற்சாலைகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பினால் நிலத்தடி நீரும் ஏறும். பூமிக்குள் கட்டிய தொட்டி, எந்திரக் குழி, பம்பு அறைச் சுவர்களுக்கு அப்போதுதான் சோதனை.

கான்கிரீட் சுவராச்சே, தண்ணீர் எப்படி வரும்? தரையும் சுவரும் சேரும் மூலை, முதல் நாள் போட்ட கான்கிரீட்டும் மறுநாள் போட்டதும் சேரும் ஒட்டு, பலகையை இறுக்கிய கம்பியின் ஓட்டை. பெரும்பாலும் திருடன் நுழைவது இந்த வழிகளில்தான்.

4 டன்

4 மீட்டர் ஆழ நீர் ஒரு சதுர மீட்டர் சுவரை 4 டன் எடையோடு அழுத்தும். இது தெரியாமல், "சிமெண்டைப் பூசினா சரியாப் போச்சு" என்று கிளம்புகிறார்கள். தண்ணீர் பூச்சைப் பெயர்த்து எறியும். இல்லாவிட்டால் நாலு முழம் தள்ளித் தலைகாட்டும்.

ஊசி

சுவருக்கும் ஊசிதான் வைத்தியம். வெடிப்பின் இரு பக்கமும் மாற்றி மாற்றிச் சாய்வாகத் துளை போடுவார்கள். துளை சுவரின் நடுவில் வெடிப்பைச் சந்திக்க வேண்டும். உள்ளே கம்பி அறுபடக் கூடாது. துளையில் குழல் பொருத்தி, பம்பு மூலம் பாலியூரித்தேன் பிசினை ஏற்றுவார்கள். தண்ணீர் பட்டதும் அது நுரைத்துப் பொங்கி இடுக்கை அடைக்கும். தண்ணீரைக் கொண்டே தண்ணீருக்குப் பூட்டு!

பீய்ச்சி அடிக்கும் இடத்தில் முதலில் குழாய் வைத்து வழிவிடுவார்கள். சுற்றிலும் சில நிமிடத்தில் இறுகும் சிமெண்டை வைத்துவிட்டு, கடைசியில்தான் குழாயை அடைப்பார்கள்.

கலங்கல்

தெளிந்த நீர் கசிந்தால் கொஞ்சம் பொறுக்கலாம். மண்ணோடு கலங்கி வந்தால் ஆபத்து. 2019 ஆகஸ்டு 31-ந்தேதி கொல்கத்தா பவ்பஜாரில் மெட்ரோ சுரங்க எந்திரம் நிலத்தடி நீர்ப்படுகையில் மோதியது. மண்ணும் நீரும் சுரங்கத்துக்குள் கொட்ட, மேலே வீடுகள் விரிசல் விட்டன, சில இடிந்தன.

இன்னொன்று. மழைக்காலத்தில் பழுதுபார்க்க என்று தொட்டியை அவசரப்பட்டு முழுதாக இறைத்தால், காலித் தொட்டி படகு மாதிரி மேலே கிளம்பி விடும்!

குழிக்குள் ஆள்

கழிவுநீர்த் தொட்டி என்றால் விஷவாயு. மூடிய குழியில் பிசினின் ஆவியும் நெஞ்சை அடைக்கும். 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம், 36-வது பிரிவிலேயே இதைச் சொல்லி வைத்தது: காற்றைச் சோதித்து எழுத்துமூலம் சான்று தர வேண்டும். இல்லையேல் இறங்குபவருக்கு சுவாசக் கருவியும் இடுப்புப் பட்டையும் வேண்டும். பட்டையில் கட்டிய கயிற்றின் மறுமுனை, வெளியே நிற்கும் ஒரு ஆளின் கையில் இருக்க வேண்டும்.